இருபது புள்ளி நான்கு

மாரியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து சாவிக்கொத்தால் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தார். நான்கு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி நான்கு தட்டு. வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. பட்டறை வாசலில் ஜாக்கி மேல் நின்ற அவருடைய ஜீப்பின் முன்பாதி தெரிந்தது, பின்பாதி தெரியவில்லை.

என் கணவர் செல்வராஜ் முன்சக்கரங்களைக் கழற்றி, புது பிரேக் பேட் மாட்டி முடித்திருந்தார். டிஸ்க்கை அளக்க வேண்டியது என் வேலை. பேட் இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற இரும்புத் தட்டுதான் டிஸ்க். அது தேயும். எவ்வளவு வரை தேயலாம் என்று அதன் நடுவிலேயே அச்சடித்திருப்பார்கள். செல்வராஜ் கம்பித் தூரிகையால் துரு நீக்கிப் படித்தார்: குறைந்தபட்சம் 20.4 மில்லிமீட்டர்.

என் கையில் புதிதாக வாங்கிய டிஜிட்டல் வெர்னியர், இரண்டு தாடையால் கவ்விக் கனம் அளக்கிற கருவி. டிஸ்க்கின் ஓரத்தில் தாடைகளை வைத்து மூடினேன். திரையில் 22.10. அடுத்த சக்கரத்தில் 22.06.

"இருபத்திரண்டு இருக்கு. இன்னும் ரொம்ப நாள் ஓடும்" என்றேன்.

"டிவி மாதிரில்ல தெரியுது" என்று மாரியப்பன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். சாவி தட்டுவது நின்றது. சக்கரங்களை மாட்டியதும் போய்விட்டார்.

அந்த ஜீப் தினமும் காலையில் போடியிலிருந்து பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறும். பூப்பாறையைத் தாண்டி ஓர் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடும். வேலை முடிந்ததும் அதே பன்னிரண்டு பேரோடு போடிமெட்டு வழியாகப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்.

கோவையில் வாங்கியது

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து நான் உடும்பஞ்சோலைக்கு, இந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்த கதையை முன்பே வேறோர் இடத்தில் எழுதிவிட்டேன். வெர்னியரை வாங்கிய கதையை எழுதவில்லை.

அதற்கு முன் எங்களிடம் இருந்தது கோடுகளைப் பார்த்துப் படிக்கிற பழைய வெர்னியர். எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேர்கிறது என்று தெரிய, குனிந்து, மூச்சை அடக்கி, கண்ணைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். எனக்குக் கண்ணாடி வந்த பிறகு அது சிரமமானது. டிஜிட்டல் வாங்குவோம் என்று சொன்னது நான்தான்.

கோவையில் ஒரு டூல்ஸ் கடை. கடைக்காரர் மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று பிளாஸ்டிக். அதைத் தொட்டுப் பார்த்ததும் அவரே ஓரமாகத் தள்ளிவிட்டார். மற்ற இரண்டும் எஃகு. நான் பெரிய எண் தெரிகிறதை எடுத்தேன்.

"மொதல்ல மூடி வெளிச்சத்துல புடிங்க" என்றார். "ரெண்டு தாடைக்கு நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா வேண்டாமுங்க."

பெரிய எண் காட்டிய கருவியில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. அடுத்ததில் தெரியவில்லை. பிறகு பத்து முறை வேகமாக இழுத்து மூடச் சொன்னார். பத்து முறையும் சைபருக்குத் திரும்ப வேண்டும். ஒன்பதாவது முறை 0.01 காட்டியது. அது பரவாயில்லை என்றார். பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்து ஒரு வரியை நகத்தால் காட்டினார். திரை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை காட்டும், ஆனால் நூறில் மூன்று பங்கு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அதில் அச்சிட்டிருந்தது.

எங்கே பட்டறை என்று கேட்டார். சொன்னேன்.

"மலைங்களா? அப்ப ஈரம் தாங்கறதா எடுத்துக்கோங்க. அந்த அளவுப் பட்டையில பனி படிஞ்சா நம்பர் ஆடும்." பணத்தை வாங்கிக்கொண்டு கடைசியாக ஒன்று சொன்னார். "நம்பர் எங்கிருந்து பார்த்தாலும் தெரியுங்க. தாடை ஒக்கார்ற எடத்தத்தான் பாக்கோணும்."

நான் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு பாதி விதி

பாலக்காட்டில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தலைமைத் துணை ஆசிரியர் குரல் உயர்த்தாதவர். அவர் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று. செய்தியை எழுதியவர் அதன் பிழை திருத்தக் கூடாது. செய்தியில் ஓர் எண் இருந்தால் அதை இரண்டு பேர் பார்க்க வேண்டும்.

கல்யாணம் ஆகிப் பட்டறைக்கு வந்தபோது அதில் முதல் பாதியை மட்டும் கொண்டுவந்தேன். லேத்தில் கடைகிறவர் தன் வேலையைத் தானே அளக்கக் கூடாது, அளப்பது நான் என்று செல்வராஜிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் வந்த வேலைகள் திரும்பி வராமல் போனதும் ஒத்துக்கொண்டார். நாளடைவில் எங்கள் பட்டறையில் நான் சொன்ன அளவே கடைசி அளவு என்றானது.

நான் படித்த எண்ணை இரண்டாவதாகப் பார்க்க யாரும் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

கருவி காற்றை வெட்டியது

மாரியப்பன் வந்துபோன மறுநாள், பதினொன்றரை மணி இருக்கும். யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு பழைய டிஸ்க்கை மின்விசிறிக்கு அடித்தட்டாக மாற்றலாம் என்று செல்வராஜ் லேத்தில் மாட்டினார். கனம் கேட்டார். நான் ஓரத்தில் வைத்து அளந்து, இருபத்து மூன்று என்றேன். அதற்கு ஏற்றபடி வெட்டுளியை நிறுத்தி, லேத்தை ஓட விட்டார்.

வெட்டுளி விளிம்பைத் தொட்டதும் கரகரவென்று சத்தம் வந்தது. கறுப்புத் துருவல் கொட்டியது. அரை விரல் அகலம் உள்ளே போனதும் சத்தம் நின்றது.

லேத் சுற்றிக்கொண்டிருந்தது. வெட்டுளி நகர்ந்துகொண்டிருந்தது. ஆனால் எதையும் தொடவில்லை. காற்றை வெட்டிக்கொண்டு போனது.

செல்வராஜ் லேத்தை நிறுத்தினார். சுழற்சி அடங்கியதும், டிஸ்க்கின் முகத்தில் நகத்தை வைத்து உள்ளிருந்து வெளியே இழுத்தார். விளிம்பருகே நகம் ஒரு படியில் முட்டி நின்றது.

"நீ எங்க வச்சு அளந்த?"

"ஓரத்துல."

"ஓரம் தேயாதுல்லா. பேடு அங்க படாது. அது புதுசுல இருந்த கனத்துலயே நிக்கும்."

என் கை வெர்னியரை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பழைய வெர்னியராக இருந்திருந்தால் குனிந்திருப்பேன், அந்தப் படி மூக்குக்கு நேராக இருந்திருக்கும். நேற்று நிமிர்ந்து நின்றபடி எண்ணை மட்டும் படித்தேன்.

"மாரியப்பன் வண்டியவும் இப்படித்தான் அளந்தியோ?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். காலையில் ஜீப் ஏறியிருக்கும். ஏற்றத்தில் பிரேக்குக்கு அவ்வளவு வேலை இல்லை. மூன்று மணிக்கு வேலை முடியும். அதன் பிறகு இறக்கம். மாரியப்பனின் கைப்பேசிக்கு மூன்று முறை அடித்தேன். தோட்டத்துக்குள் சிக்னல் கிடையாது.

ஸ்கூட்டர் சாவியை எடுத்தபோது செல்வராஜ் வாசலை மறித்து நின்றார்.

"தப்பா அளந்துட்டேன்னு நேரா போய்ச் சொல்லாத. பிரேக் ஆயில் ஒருக்கா பாக்கணும், வண்டிய இறக்காதன்னு மட்டும் சொல்லு. ஒரு தடவ வெளிய போச்சுன்னா இந்தச் சிட்டியில ஒருத்தன் நம்மகிட்ட வர மாட்டான் பாத்துக்க."

இங்கே நான்கு கடையும் ஒரு வளைவும் இருந்தால் அது சிட்டி. அவர் பயந்தது நியாயம். மூன்றாவது கடையில் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிடும்.

சரி என்றேன். அந்தப் பொய்யை எடுத்துக்கொண்டுதான் புறப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கிளம்பும்போது அவர் பின்னால் வந்து ஒன்று சொன்னார். ஒரே மாதிரி இரண்டு காசு எடுத்துக்கொள். ஓரத்து மேட்டுக்கு உள்ளே, டிஸ்க்குக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக வைத்து, காசோடு சேர்த்து அள. முதலில் காசு இரண்டையும் மட்டும் கவ்வி சைபர் அழுத்திவிட்டால், திரையில் டிஸ்க் கனம் மட்டும் வரும்.

ஸ்வெட்டருக்குள்

வெர்னியரைத் துணியில் சுற்றி, ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு வைத்து ஓட்டினேன். பனி படிந்து எண் ஆடினால் போன காரியம் கெட்டுவிடும். எஃகு முதலில் சில்லென்று இருந்தது. பிறகு உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டது.

பத்திரிகையில் இருந்தபோது ஜீப் விபத்துச் செய்திகள் எத்தனையோ கைக்கு வந்திருக்கின்றன. அவை எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம் இருக்கும்: பிரேக் பிடிக்காததே காரணம் எனத் தெரிகிறது. 'எனத் தெரிகிறது' என்பதை நானே சேர்த்திருக்கிறேன். யாருக்குத் தெரிகிறது, எப்போது தெரிந்தது என்று கேட்டதில்லை.

தோட்டத்து வாசலில் காவலாளி மலையாளத்தில் விசாரித்துவிட்டு, ஜீப் உர மூட்டைகளோடு மேல்காட்டுக்குப் போயிருக்கிறது, மூன்று மணிக்குத்தான் வரும் என்றார். ஸ்டோர் தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். உலர்த்துகிற அறையிலிருந்து ஏலக்காய் மணம் வந்துகொண்டிருந்தது. மேல்காட்டுப் பாதையில் இறக்கம் உண்டா என்று காவலாளியிடம் கேட்டேன். உண்டு என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு என்ஜின் சத்தத்துக்கும் எழுந்து நின்றேன்.

மூன்று ஐந்துக்கு ஜீப் வந்தது. சரியான இடத்தில் நின்றது.

நீ ஏறுவியா?

"என்னக்கா, இம்புட்டுத் தூரம்?" என்று மாரியப்பன் இறங்கினார்.

பிரேக் ஆயிலைப் பார்க்க வேண்டும், வண்டியை இறக்க வேண்டாம் என்றேன்.

"ஆயிலு நேத்துத்தானக்கா ஊத்துனீக? அண்ணன்தான் ஊத்துச்சு, நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

வேலை முடிந்த பெண்கள் சாப்பாட்டுத் தூக்குகளோடு வரத் தொடங்கியிருந்தார்கள். முன்னால் வந்தவர் பேச்சியம்மாள். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அவர் பேச்சுத்தான் பேச்சு. ஐம்பதைத் தாண்டியவர், உயரமானவர். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"என்னத்தா, மூஞ்சி சரியில்லையே."

பொய்யை அதற்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. நேற்று நான் டிஸ்க்கை ஓரத்தில் வைத்து அளந்துவிட்டேன், சொன்ன அளவு தப்பு, சரியான அளவு எனக்குத் தெரியாது, மறுபடி அளக்க வந்திருக்கிறேன் என்று சொன்னேன். நான்கு வாக்கியம். மாரியப்பன் முகத்தில் இருந்த சிரிப்பு போக நேரம் எடுத்தது.

அளப்பது வீண் வேலை என்றார் அவர். காலையில் ஏறினேன், மேல்காட்டுக்குப் போய் வந்தேன், நன்றாகத்தான் பிடிக்கிறது. பேச்சியம்மாள் ஜீப்பின் பின்னால் போய் ஜாக்கியை எடுத்து அவர் காலடியில் போட்டார்.

"கழட்டு. ஒன் ஜீப்புல ஏறுனா எங்க இடுப்புத்தான் தேயும்னு நெனச்சேன். இதுவும் தேயுதாக்கும்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். மாரியப்பன் சிரிக்கவில்லை.

சக்கரம் கழன்றதும் நகத்தை வைத்து இழுத்தேன். படி இருந்தது. பையில் துழாவினால் இருந்த காசுகள் ஒன்றுபோல இன்னொன்று இல்லை. பேச்சியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரே அச்சில் இரண்டு இரண்டு ரூபாய்க் காசுகளைக் கொடுத்தார். இரண்டையும் சேர்த்துக் கவ்வி, சைபர் அழுத்தினேன்.

வெளிப்பக்கத்துக் காசை அவர் விரலால் அழுத்திப் பிடித்தார். உள்பக்கத்துக் காசை, தரையில் படுத்துக் கையை வளைத்து, மாரியப்பன் பிடித்தார். டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்தில் சாக்கட்டியால் குறி போட்டேன். தேய்மானம் எங்கும் ஒன்றுபோல இருக்காது.

இடது சக்கரத்தில் எட்டு இடமும் இருபது புள்ளி ஏழுக்குக் குறையவில்லை. மாரியப்பன் மூச்சு விட்டது கேட்டது.

வலது சக்கரம். 20.62. 20.58. 20.55. மூடுபனி ஸ்டோர் கூரைவரை இறங்கிவிட்டது. ஒவ்வொரு அளவுக்கும் நடுவில் வெர்னியரை ஸ்வெட்டருக்குள் வைத்து எடுத்தேன். 20.50. 20.47. 20.44.

ஏழாவது இடத்தில் திரை 20.41 காட்டியது. எடுத்து மறுபடி வைத்தேன். 20.38. மறுபடி. 20.42.

"இருவது பாயிண்டு நாலு. அதுக்குத்தான நிக்கணும்? நிக்கிதே" என்றார் மாரியப்பன், தரையில் படுத்தபடியே.

"முப்பத்தெட்டும் காட்டுச்சே" என்றார் பேச்சியம்மாள்.

பன்னிரண்டு பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள். பெட்டியில் இருந்த தாளும் அதில் இருந்த அந்த வரியும் நினைவுக்கு வந்தன. சரியாக எல்லைக் கோட்டில் நிற்கிறது, இதற்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று இந்தக் கருவியால் சொல்ல முடியாது என்று சொன்னேன்.

மாரியப்பன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். தேனியில் டிஸ்க் வாங்கி மாட்ட இரண்டு மூன்று நாள் ஆகும். வண்டி நின்றால் சூப்பர்வைசர் வேறு ஜீப்பை வைத்துவிடுவார். ஒரு தடவை கைமாறிய டிரிப் திரும்பி வராது. இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை, பேச்சியம்மாளிடம் சொன்னார். ஒரு மயிரிழைக்காக இப்படியா என்று கேட்டார்.

பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"கருவி சொல்லாட்டிப் போகுது. நீ ஏறுவியா?"

திரையைப் பார்த்தேன். அது தானாக அணைந்திருந்தது.

"ஏற மாட்டேனுங்க" என்றேன். இத்தனை வருடம் மலையில் இருந்தும், அந்த நேரத்தில் ஊர்ப் பேச்சுத்தான் வாயில் வந்தது.

பெண்கள் ஜீப்புக்குள் ஏற்கெனவே வைத்திருந்த பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். மெயின் ரோட்டுக்கு நடக்க இருபது நிமிடம் ஆகும், பஸ்ஸுக்கு இருந்ததும் அவ்வளவுதான். நான் ஸ்கூட்டரில் முன்னால் போய், வளைவில் நின்று, பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினேன். நடத்துநர் திட்டினார். அவர் திட்டி முடிப்பதற்குள் பன்னிரண்டு பேரும் ஏறிவிட்டார்கள்.

பஸ்ஸுக்குப் பின்னால், காலி ஜீப்பை முதல் கியரில் உருட்டிக்கொண்டு மாரியப்பன் வந்தார். என் அருகில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார்.

"நேத்தே சரியா அளந்திருந்தீகன்னா, நேத்தே வாங்கியிருப்பேனே அக்கா."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள்

மாரியப்பன் இன்றும் அதே தடத்தில்தான் ஓட்டுகிறார். அதற்குக் காரணம் நான் இல்லை.

அவர் பயந்தபடியே மறுநாள் சூப்பர்வைசர் வேறு ஜீப் அனுப்பினார். பெண்கள் அதில் ஏறவில்லை. அந்த ஜீப்பையும் அளக்க வேண்டும் என்றார்களாம். இரண்டு நாள் பஸ்ஸில் வந்தார்கள், தாமதமாக வந்தார்கள், திட்டு வாங்கினார்கள், மூன்றாம் நாளும் ஏறவில்லை. இதற்குள் மாரியப்பன் தேனியில் டிஸ்க் வாங்கி மாட்டிவிட்டார். எங்கள் பட்டறையில் அல்ல.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அந்த இன்னொரு ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது. ஓட்டுநரை எனக்குத் தெரியாது. இந்தப் பொம்பளைகளுக்கு நம்பர் வேண்டுமாம், சீக்கிரம் ஒரு நம்பரைச் சொல்லி அனுப்புங்கள் என்றார்.

அளப்பதைப் பார்க்கத் தான் மட்டும் ஏறி வந்திருந்த பேச்சியம்மாள் அவருக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கினார். செல்வராஜை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் முன் வந்து உள்ளங்கையை விரித்தார். அதே இரண்டு காசுகள்.

செல்வராஜ் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்து சக்கரத்தைக் கழற்றினார்; டிஸ்க்கின் நடுவில் அதே 20.4 அச்சடித்திருந்தது. ஓரத்தை நகத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். காசுகளை அவரும் பேச்சியம்மாளும் பிடித்தார்கள். நான் குனிந்து, தாடைகள் உட்காருகிற இடத்தைப் பார்த்த பிறகுதான் மூடினேன். திரையைப் படிக்காமல் முதலில் செல்வராஜ் பக்கம் திருப்பினேன். அவர் பார்த்துவிட்டு, பேச்சியம்மாள் பக்கம் திருப்பினார்.

அவர் கண்ணைச் சுருக்கி, எண்ணெண்ணாகப் படித்தார்.

"ஒண்ணு. ஒம்போது. புள்ளி. எட்டு."

பிறகு காசுகளை முந்தானையில் முடிந்துகொண்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்த ஓட்டுநரிடம் சொன்னார்: "சாவியக் குடுத்துட்டு எறங்குப்பா."